காது கொடுக்காத அக்கா

எங்கள் ஊரில் அதிகம் கூட்டப்பட்ட முற்றம் கோயில் முற்றமல்ல, அக்காவின் கொமினிகேஷன் கடை வாசல்தான். யாராவது உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியைக் கையில் எடுத்தால், அக்கா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றோடு வெளியே வந்துவிடுவார். உள்ளே கதை முடியும்வரை கூட்டுவார். குப்பை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. குவைத்தில் இருக்கும் மகளோடு ஒரு தாய் அழுது சிரித்துக் கதைத்து முடிப்பதற்குள் அந்த மணலில் பள்ளம் விழுந்துவிடும்.

தலவில கோயிலைத் தாண்டிக் கடலோரமாக வடக்கே போனால் வரும் ஊர் எங்களுடையது. பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள், கடல்தான் தொழில். சந்தியில் முஸ்லிம் ஆட்களின் நாலைந்து கடைகள். அந்த வரிசையின் கடைசியில், படகு முதலாளியான சம்மாட்டியின் காணியில் வாடகைக்கு இருந்தது அக்காவின் கடை. ஒரு தொலைபேசிக் கூடு, ஒரு போட்டோக் கொப்பி மெசின், கைத்தொலைபேசிக்குக் காசு போடும் ரீலோட், சிம் காட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பேனா பென்சில். பின்னறையில் தனியாகக் குடியிருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவருடைய அறைக்கும் நடுவே ஒரு தென்னோலைக் கிடுகு வேலி மட்டும். யுத்தம் முடிந்த கையோடு ஜெரோமைக் கல்யாணம் முடித்து நான் அந்த ஊருக்கு வந்தபோது, முதலில் பழகிய முகம் அவருடையது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயர் அடுத்தவர் வாயில் அடிபடுவதை அவர் விரும்பியதில்லை. பிறகு ஊர் முழுவதும் அந்தப் பெயரைத்தான் மென்று துப்பியது.

அடையாள அட்டையோ, பிறப்புச் சாட்சிப் பத்திரமோ, ஆஸ்பத்திரி ரிப்போட்டோ, எதைக் கொப்பி எடுக்கக் கொண்டுபோனாலும் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வாங்குவார். வந்த கொப்பியையும் கவிழ்த்தே நீட்டுவார். ஒருமுறை ஊர்ப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரி ரிப்போட் ஒன்றைக் கொப்பி எடுத்துப் போனாள். கல்யாணம் பேசியிருந்த பெண். மறுநாளே மாப்பிள்ளையின் தாய் கடையில் வந்து நின்றாள். நான் ரீலோட் போட நின்றிருந்தேன்.

"என்ன வருத்தமாம் அந்தப் பிள்ளைக்கு? நீங்க பார்த்திருப்பீங்கதானே?"

"பார்த்தன்."

"என்னவாம்?"

"வெள்ளைத் தாள்ல கறுப்பு எழுத்து."

அந்தத் தாய் திட்டிக்கொண்டே போனாள். ஊரில் பலருக்கு அக்காமேல் இந்த மாதிரியான கோபங்கள் இருந்தன. பெண்கள் நாலு பேர் கூடி யாருடைய வீட்டுக் கதையாவது தொடங்கினால், அக்கா சேலையை உதறிக்கொண்டு எழும்பிவிடுவார். 'அவவுக்குப் பெரிய தலைக்கனம்' என்றார்கள். தங்கள் கதையைக் கேட்க மாட்டேன் என்கிறவரை ஊர் எப்படி மன்னிக்கும்?

எனக்கும் ஒருமுறை கோபம் வந்தது. என் கைத்தொலைபேசி பழுதாகி இருந்ததால் அவருடைய கூட்டிலிருந்து தாய் வீட்டுக்குக் கதைத்தேன். அங்கே ஒரு சண்டை. தலவிலத் திருவிழாவைச் சாட்டி வீட்டுப் பக்கம் வரவேண்டாம், வாசல் மிதிக்கவேண்டாம் என்று அம்மா வெட்டிச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வெளியே வந்தேன். அக்கா விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டார். பிளேன்டீ ஊற்றித் தந்தார். அதற்குமேல் ஒன்றுமில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அழுறாய் எண்டு கேக்கக் கூட மாட்டீங்களா அக்கா?"

"நீ சொல்ல விரும்பினா சொல்லு பிள்ள. நான் கேட்டா, நீ சொல்லித்தான் ஆகவேணும் எண்டு வந்திடும். அது வேற."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கேள்வி கேட்பவர்களின் நடுவே உட்கார்ந்து எழும்பிய பிறகு.

ஏன் அப்படி இருந்தார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். "காதுக்குள்ள போனது திரும்ப வெளியில வராது பிள்ள. அதால உள்ளுக்குப் போகவே விடக்கூடாது." யுத்த காலத்தில் கொழும்பில் எங்கோ வேலை செய்தவர், அங்கே யாரோ அவருடைய ஆள் பிடிபட்டார், பக்கத்து அறையில் இருந்தவர் கேட்டுச் சொன்ன ஒரு கதையால் பிடிபட்டார் என்று சிலர் சொன்னார்கள். உண்மையோ தெரியாது. அவர் சொல்லவில்லை. நானும் அவருடைய முறைப்படியே, கேட்கவில்லை.

அந்த நாள்களில்தான் ஹோட்டல் வந்தது.

கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்போம். ஜெரோமின் தகப்பன், அவருடைய தகப்பன் எல்லோரும் வலை இழுத்த பாடு அது. காணி யாருடையது, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு காலை பார்த்தால் முள்ளுக்கம்பி வேலி கடல் தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருந்தது. உள்ளே ஒரு காவல்காரன். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கப் போகிறார்களாம், இனி இங்கே வலை இழுக்கக்கூடாதாம். யுத்தம் முடிந்த நாட்டின் அபிவிருத்தி எங்கள் வாசலுக்கு அப்படித்தான் வந்தது.

கடற்றொழில் சங்கத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்தார்கள். ஜெரோம் முன்னுக்கு நின்றார். எங்கே கூடுவது, எப்போது போவது என்று எல்லாம் கைத்தொலைபேசியில்தான் கதைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தீவில், மீன்பிடி வாடிக் குடிசையில் கிடப்பவர்கள், வேறு வழியில்லை.

முதல்முறை சந்தி ரோட்டில் மறியலுக்கு உட்காரப் போனார்கள். போய்ச் சேரும்போது பொலிஸ் பஸ் ஏற்கனவே அங்கே நின்றது. வந்திறங்கிய களைப்புக்கூட இல்லாமல், தேத்தண்ணி குடித்து முடித்து நின்றார்களாம். அடுத்தமுறை, கொழும்புக்குப் போய் மந்திரியைச் சந்திப்பதென்று இரகசியமாகத் திட்டம் போட்டார்கள். அவர்கள் போன வான் வண்டி புத்தளம் தாண்டவில்லை. மறித்த பொலிஸ்காரன் வானுக்குள் எட்டிப் பார்த்து, வராமல் விட்ட ஒருவரின் பெயரைச் சொல்லி, "அவர் எங்க? காய்ச்சலா?" என்று கேட்டானாம்.

காய்ச்சல்தான். அன்று காலைதான் அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

ஊர் முகத்தை முகம் பார்க்கத் தொடங்கியது. யாரோ சொல்கிறார்கள். யார்?

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பேரும் அக்காவின் கடைக்கு வந்தார்கள். சிவில் உடுப்பு, தேய்த்த சேர்ட், மோட்டார் சைக்கிள். புலனாய்வுக்காரர் என்று அவர்களும் மறைக்கவில்லை. ஒருவர் வாயே திறக்கமாட்டார். மற்றவர் சிங்களவர், ஆனால் நன்றாகத் தமிழ் கதைத்தார். வடக்கில் வேலை செய்த காலத்தில் படித்த தமிழ். அங்கே வேலை குறைந்திருக்க வேண்டும், எங்களிடம் வந்துவிட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கே, ஆர் ஆருக்கு எந்த சிம் குடுத்தீங்க எண்டு பார்க்க வேணும்."

"அந்தக் கடுதாசி எல்லாம் கொம்பனிக்குப் போயிட்டுது, மாத்தயா. கொம்பனியைக் கேளுங்க."

"கொம்பனியை நாங்க கேப்பம். உங்களிட்டக் கேக்கிறது வேற. இஞ்ச வந்து ஆர் ஆரோட என்ன கதைக்கிறாங்க?"

"தெரியாது."

"இவ்வளவு காலம் போன் கடை வச்சிருக்கிறீங்க. ஒண்டுமே தெரியாதா?"

"தெரியாம இருக்கத்தான் இவ்வளவு காலமும் பாடுபட்டன்."

அவர் சிரித்தார். கோபப்படவில்லை. நல்ல மனிதர் மாதிரித்தான் சிரித்தார். அதன்பின் அவர்கள் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். ஒன்றும் கேட்கமாட்டார்கள். கடை வாங்கில் உட்காருவார்கள். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி எடுப்பித்துக் குடிப்பார்கள். ரோட்டால் போகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எழும்பிப் போங்கள் என்று அக்கா எப்படிச் சொல்வார்? விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அவர்களும் காலைத் தூக்கிக் கொடுப்பார்கள், கூட்டுவதற்கு வசதியாக.

ஒரு நாள் பூசை முடிந்து சனம் ரோட்டால் வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். உதைக்குமுன் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்:

"அக்கே, நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்தது! பெரிய உதவி!"

அக்கா கையில் போட்டோக் கொப்பித் தாள்களோடு வாசலில் நின்றார். "நான் என்ன சொன்னன்?" என்றார். மோட்டார் சைக்கிள் போய்விட்டது. அவருடைய கேள்வி எங்களிடம்தான் வந்து விழுந்தது. சனம் நடந்துகொண்டே பார்த்தது, பார்த்துக்கொண்டே நடந்தது. ஒரு வசனம். அவ்வளவுதான் செலவு.

ஜெரோமைப் பிடித்தது அதற்கடுத்த கிழமை. தீவு வாடியிலிருந்து கரைக்கு வந்து, மீன் பெட்டியை இறக்கிக்கொண்டு நின்றவரை, பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமாவும் நானும் பொலிஸுக்கு ஓடினோம். இங்கே இல்லை என்றார்கள். இன்னோர் இடத்துக்குப் போனோம். அங்கேயும் இல்லை. எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே நாள்கள் போயின. நான் அப்போது பிள்ளைத்தாச்சி. அது எனக்கும் ஜெரோமுக்கும் மட்டும் தெரிந்த செய்தி. மூன்று மாதம் தாண்டிச் சொல்வோம் என்று மாமிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காட்டிக்குடுத்தவள். கடை வாசலில் மீன் குடலைக் கொட்டினார்கள். கோயிலில் அவர் உட்கார்ந்த வாங்கில் வேறொருவரும் உட்காரவில்லை. அந்த அதிகாரியையும் அவரையும் சேர்த்து, எழுத முடியாத கதைகளும் கட்டினார்கள். அக்கா காலையில் மீன் குடலை வாரிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கடையைத் திறப்பார். ரீலோட் போடக்கூட ஒருவரும் வருவதில்லை.

மத்தியானத்தில் வேலிக்கு மேலாக ஒரு கோப்பை வரும். சோறு, சொதி, ஒரு மீன் துண்டு. "சாப்பிடு பிள்ள." அவ்வளவுதான்.

"அதை வாயில வைக்காத. நஞ்சு போட்டிருப்பாள்" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

நான் சாப்பிட்டேன். நீ மட்டும் ஏன் அவரைச் சந்தேகப்படவில்லை என்று பின்னாளில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து வருசக்கணக்கில் அந்த விளக்குமாற்றின் சத்தத்தைக் கேட்டவள் நான். வேறு சாட்சி என்னிடம் இல்லை. எனக்கு அது போதும்.

ஜெரோமைப் பிணையில் விட்டார்கள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஊர் அவர் சொன்னதை நம்பியிருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போனது. பிறகு ஒரு பின்னேரம், வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்:

"என்ட குரலைப் போட்டுக் காட்டினாங்க."

"என்ன குரல்?"

"நான் போன்ல கதைச்சதெல்லாம். தீவில நிண்டு கதைச்சது, போட்டில நிண்டு கதைச்சது. மெசின்ல போட்டாங்க. நான் சிரிச்சது, இருமினது எல்லாம் இருக்கு." வலையின் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். "உன்ட குரலும் இருக்கு."

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முதல் நாளே, அக்காட கடைக்கு வாற அந்தாள் கை குடுத்தான். வாழ்த்துக்கள், தகப்பனாகப் போறீர், மனுசிக்குத் தலைசுத்து இப்ப குறைஞ்சுதா எண்டு கேட்டான்."

அவர் தீவில் நின்ற ஒரு காலை நேரம், நான் அறைக்குள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, வெட்கத்தோடு காதோடு காதாகச் சொன்ன செய்தி அது. என் குழந்தை வரப்போவதை இந்த உலகத்தில் முதலில் அறிந்தவள் நான். இரண்டாவது ஜெரோம். மூன்றாவது, அந்த அதிகாரி. பிள்ளையின் பாட்டிமாருக்கே அதன்பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். ஜெரோம் எழும்பி எல்லாவற்றையும் சொன்னார், குழந்தைச் செய்தி உட்பட. வேறு வழியில்லாமல் சொன்னார். அத்தனை ஆண்களின் நடுவே அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் வாசலில் நின்று பார்த்தேன். கடைசியில், "அந்த அக்காவுக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்ல. போனைத்தான் கேக்கிறாங்க" என்று முடித்தார்.

சம்மாட்டிதான் சங்கத் தலைவர். வயதான மனிதர், நாலு போட்டுக்குச் சொந்தக்காரர்.

"தம்பி, உன்ட மனுசிட தலைசுத்துக் கதையைக் கொழும்பில இருந்துகொண்டு கேக்கிறதுக்கு நீ என்ன, மந்திரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஆள் இல்லாம ஒண்டும் நடக்காது. அவளுக்கும் உனக்கும் நடுவில ஒரு கிடுகு வேலி. உன்ட மனுசி கதைச்சது அங்கால கேக்காதா?"

"நான் தீவில நிண்டு கதைச்சதும் இருக்குது, சம்மாட்டி. என்ட குரல். என்ட சொந்தக் குரல்."

"ரெக்கோட் பண்ணியிருப்பாள். அவளிட்ட இல்லாத மெசினா?"

அக்காவிடம் இருந்தது ஒரு போட்டோக் கொப்பி மெசின். ஆனால் ஊருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரோ கண்காணாத தூரத்தில் இருந்து காற்றில் போகும் கதையை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அவர்களுக்குக் கல்லெறிய முடியாது. அவர்கள் வாசலில் மீன் குடல் கொட்ட முடியாது. அக்காவின் வாசல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அந்த அதிகாரி மறுபடியும் வந்தார். நான் அப்போது கடைக்குள்தான் இருந்தேன். ஊருக்குத் தெரியட்டும் என்றே பகலில் போய் அங்கே உட்கார்ந்திருக்கத் தொடங்கியிருந்தேன். என்னைக் கண்டும் அவர் தயங்கவில்லை. அவர்களுக்கு ஒளிக்க வேண்டிய தேவை இல்லை, அது எங்களுக்குத்தான்.

"அக்கே, ஊர் முழுக்கச் சொல்லுது நீங்க எங்கட ஆள் எண்டு."

"நீங்கதான் சொல்ல வச்சீங்க."

"இருக்கட்டும். இனி இல்லை எண்டு நீங்க சத்தியம் பண்ணினாலும் ஆரும் நம்பப் போறதில்லை. பேரும் போச்சு, யாவாரமும் போச்சு. இனி எங்களோட சேர்ந்தா உங்களுக்கு என்ன நட்டம்? நாங்க பார்த்துக்கொள்ளுவம். பெரிய வேலை இல்லை. காது குடுத்தாப் போதும்."

"உங்களுக்குத்தான் எல்லாம் கேக்குதே, மாத்தயா. பிறகு என்ட காது என்னத்துக்கு?"

"மெசின் போன்ல கதைக்கிறதைக் கேக்கும். போன்ல கதைக்காததைக் கேக்காதே."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "அப்ப அதையாவது விடுங்க. அவ்வளவாவது சனத்துக்கு இருக்கட்டும்."

அந்த மனிதரின் சிரிப்பு அன்றைக்குத்தான் நின்றது. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பி, தங்கச்சியைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால், "நங்கி, குழந்தை எப்பிடி? உதைக்குதா?" என்று அன்பாகக் கேட்டார்.

அவர் போன பிறகு அக்கா கைக்கு வேலை கொடுக்க எதையாவது தேடினார். அன்றைக்கு விளக்குமாறும் அகப்படவில்லை.

இதையெல்லாம் நான் ஊரில் சொன்னேன். வீடு வீடாகச் சொன்னேன். "நீ அவளிட சோத்தைத் திண்டவள்தானே" என்றார்கள்.

சில நாளில் தொலைபேசிக் கொம்பனி இனிமேல் சிம்மும் ரீலோடும் தர முடியாது என்றது. காரணம் சொல்லவில்லை. சம்மாட்டி கடையைக் காலி பண்ணச் சொன்னார். அவர் காரணம் சொன்னார். அக்கா போன காலையில் பஸ் தரிப்பில் அவரோடு நானும் ஜெரோமும் மட்டும் நின்றோம். போகும் இடத்து இலக்கம் தாங்க அக்கா, கதைப்போம் என்றேன். "வேண்டாம் பிள்ள. உன்ட கதை உன்னோட இருக்கட்டும்" என்றார். பஸ்ஸில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கடையை இன்னொருவர் எடுத்தார். நல்ல கலகலப்பான ஆள். நீங்கள் கூட்டுக்குள் நின்று கதைக்கும்போது வெளியே நின்று சிரிப்பார், "மகள் சொல்றது சரிதானே" என்று இடையில் அபிப்பிராயமும் சொல்வார். கவிழ்த்துக் கொடுத்த தாளை நிமிர்த்தி வாசித்துவிட்டுத்தான் கொப்பி எடுப்பார். மோட்டார் சைக்கிள்காரர் அவரிடமும் வந்து தேத்தண்ணி குடித்தார்கள். ஒருவரும் மீன் குடல் கொட்டவில்லை. அவரைக் கோயில் கமிட்டியிலும் போட்டார்கள்.

வேலி அப்படியே நின்றது. ஹோட்டல் எழும்பியது. ஜெரோமின் வழக்குத் தவணை தவணையாக இழுபட்டு, ஒன்றுமில்லை என்று கடைசியில் தள்ளுபடியானது. ஆனால் எங்கள் கதை திரும்பி வரவில்லை. அவர் தீவில் இருந்து போன் எடுப்பார். "சாப்பிட்டியா?" "ஓம்." "பிள்ள?" "ஓம்." "சரி வைக்கிறன்." மகள் பிறந்தபோது பெயர் என்ன வைப்போம் என்று கேட்டேன். வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். ஒரு பெயரைச் சொல்ல மூன்று மணித்தியாலம் போட் ஓடி வந்தார்.

காலம் மாறியது. எல்லோர் கையிலும் பெரிய தொலைபேசிகள் வந்தன. அப்போது சம்மாட்டியின் பேரனைப் பிடித்தார்கள். பெடியன் செய்தது இதுதான்: ஒரு அரசியல்வாதியைக் கிண்டல் பண்ணி எழுதியதைத் தன் கூட்டாளிகள் சிலர் மட்டும் இருந்த குறூப்பில் போட்டான். கூட்டாளிகளில் ஒருவரும் சொல்லவில்லை. அக்காவும் ஊரில் இல்லை. பெடியன் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தான்.

சம்மாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். தடி ஊன்றி நடக்கும் நிலைக்கு வந்திருந்தார். ஜெரோம் வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, அண்டைக்கு நீ கூட்டத்தில சொன்னது... அது மெய்தானோ?"

"எது, சம்மாட்டி?" என்றார் ஜெரோம், ஊசியில் நூலைக் கோத்தபடி.

கிழவர் தடியைத் திருப்பி ஊன்றினார். போய்விட்டார். அதன்பின் ஊர் 'பாவம் அந்த மனுசி' என்று சொல்லத் தொடங்கியது. கடையில், கிணற்றடியில், கோயிலில் எல்லாம் 'பாவம் அந்த மனுசி.' யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டதோடு கணக்குத் தீர்ந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

அவரை நான் தற்செயலாகத்தான் கண்டேன். மகளைக் கண் கிளினிக்குக்குச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது பிள்ளைக்குப் பசி. எதிரே ஒரு சின்ன இடியப்பக் கடை. மேசை துடைக்க வந்த பெண் எங்கள் பக்கம் குனிந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"அக்கா."

அவர் உடனே என்னை அறிந்துகொண்டார். மகளைப் பார்த்தார். "இதுவா?" என்றார். ஓம் என்றேன். சிரித்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

நான்தான் கொட்டித் தீர்த்தேன். சம்மாட்டியின் பேரனைச் சொன்னேன். இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது, உங்களைப் பற்றி ஊரே வேறு மாதிரித்தான் கதைக்கிறது என்றேன். அந்த முகத்தில் ஒரு ஆறுதலைக் காணவேண்டும் என்ற ஆசையில் இல்லாததையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அக்கா மேசையின் ஒரே இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு கேக்கட்டா பிள்ள?"

"கேளுங்க அக்கா."

"ஒரு நாளாவது நீயும் நினைச்சியா? நான்தான் எண்டு?"

"இல்ல அக்கா. ஒரு நாளும் இல்ல."

அது உண்மை. அதைவிட உண்மையாக நான் ஒன்றும் சொன்னதில்லை. அக்கா என் கண்களைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். மறுபடியும் கண்களைப் பார்த்தார். அவர் நம்பவில்லை. நான் மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

"ஓம் பிள்ள, ஓம்" என்று, கடைக்கு வருகிற யாருக்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டே எழும்பி, மகளின் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தார்.